திருவிவிலியத்தில் யானைகள்

"விவிலியத்தில் யானை இருக்கிறதா?" என்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. ஆனால் அதைக் காண நாம் இணைத்திருமுறை நூல்களான மக்கபேயர் நூல்களைத் திறக்க வேண்டும்.

எபிரேய நூல்கள் யானையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை; அதன் தந்தத்தையே குறிப்பிடுகின்றன. சாலமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள், மயில்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்தன (1 அர 10:22). இங்கு மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல் நம் 'தோகை'யோடு தொடர்புடையது என்பது கால்டுவெல்லின் கருத்து. தந்தக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, தம் மக்களின் அழிவைப் பற்றிக் கவலைப்படாதவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் கண்டிக்கிறார் (ஆமோ 6:4-6).

மக்கபேயர் முதல் நூலிலோ யானை போர்க்கருவியாக வருகிறது. கி.மு. 162-இல் சிறுவனான மன்னன் ஐந்தாம் அந்தியோக்கின் படை 32 யானைகளோடு யூதேயாவுக்குள் நுழைந்தது. பெத்சக்கரியாவில் நடந்த போரில், யூதா மக்கபேயின் சகோதரர் எலயாசர், அரச கவசம் அணிந்த உயரமான யானை ஒன்றைக் கண்டார். மன்னன் அதன்மேல் இருப்பதாக எண்ணி, எதிரிகளை வெட்டிக்கொண்டே சென்று, யானையின் அடியில் புகுந்து அதைக் குத்தினார். யானை அவர்மேல் விழ, அவர் அங்கேயே மடிந்தார் (1 மக் 6:43-46). யூதப் படையோ பின்வாங்கியது.

தம் மக்களைக் காக்கவும், நீங்காப் புகழ் பெறவும் அவர் இதைச் செய்தார் என்கிறது நூல். இந்த இரு நோக்கங்களும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. புனித அம்புரோசியார் எலயாசரின் துணிவைப் போற்றினார். திருத்தந்தை புனித பெரிய கிரகோரியாரோ, தீமையை வென்றபின் அந்த வெற்றியின் செருக்காலேயே நசுங்குவோருக்கு அவரை அடையாளமாகக் காட்டினார்.

இரண்டுமே நமக்குப் பொருந்தும். கோவிலுக்கு மின்விசிறி கொடுக்கிறோம். அதன் இறக்கையில் நம் பெயரையும் எழுதச் சொல்கிறோம். அன்பும் உண்மை, புகழாசையும் உண்மை. எனவே நற்செயலைக் கைவிட வேண்டாம். பெயரை மட்டும் இறைவனிடம் விட்டுவிடுவோம். நாம் வீழ்த்திய யானை நம்மேல் விழாதிருக்க மன்றாடுவோம்.