சென்னை மாகாணச் சட்டமன்றமும் பெண்கள் வாக்குரிமையும்

சென்னை மாகாணத்தில் பெண்கள் வாக்களிப்பதற்கு இருந்த தடையை நீக்கும் தீர்மானம் 1921 ஏப்ரல் 1 அன்று மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த மாகாணங்களில் இம்முடிவை முதலில் எடுத்தது சென்னைதான். சமஸ்தானங்களில் திருவிதாங்கூர் இதற்குச் சற்று முன்பே வழிவிட்டிருந்தது. அதே திருவிதாங்கூரில் முன்பு திவானாக இருந்த எம். கிருஷ்ணன் நாயர்தான் சென்னையில் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

பின்னணி

1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, வரப்போகும் சீர்திருத்தத்தில் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டது. இச்சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்தில் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற இவர், அதே ஆண்டு அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்.

வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு கோரிக்கையை ஏற்கவில்லை. இந்தியச் சமூக நிலையில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது குழுவின் எண்ணம். பெசன்ட், சரோஜினி நாயுடு, பம்பாயைச் சேர்ந்த ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மிதன் ஆகியோர் 1919இல் லண்டன் சென்று வாதாடினர். பிரித்தானிய நாடாளுமன்றம் நேரடியாக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேர்தல் விதிகளில் தடை இருக்கும். மாகாணச் சட்டமன்றம் விரும்பினால் ஒரு தீர்மானம் போட்டு அதை நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பொறுப்பைத் தட்டிக்கழித்த வேலை என்றே இதைச் சொல்ல வேண்டும். ஆயினும் இதனால்தான் ஆண்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உள்ளூர் உறுப்பினர்களின் கைக்கு முடிவு வந்து சேர்ந்தது.

1921 தீர்மானம்

1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்ததால் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்தார். இவரே பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார்.

பாடநூல்களில் ஒரே வரியில் கடந்துபோகும் செய்தி ஒன்று இங்கே உண்டு. நீதிக்கட்சிக்கும் அன்னி பெசன்டுக்கும் அப்போது கடும் பகை. அவருடைய தன்னாட்சி இயக்கத்தை அக்கட்சி விடாமல் எதிர்த்து வந்தது. பெண்கள் வாக்குரிமைக் கோரிக்கையோ அவர் வாழ்ந்த அடையாற்றிலிருந்துதான் எழுந்தது. கேட்பவர் யார் என்று பார்த்துக் கதவை மூடியிருக்கலாம்; மன்றம் அப்படிச் செய்யவில்லை. அதே 1921இல் பம்பாயும் சென்னையின் வழியில் சென்றது. வங்காளமோ அந்த ஆண்டு மறுத்து, 1925இல்தான் இசைந்தது.

தீர்மானத்தில் பெண்ணுக்கெனத் தனி நிபந்தனை ஏதுமில்லை. ஆணுக்கு என்ன தகுதியோ அதுவே பெண்ணுக்கும். பிரித்தானியாவில் 1918 சட்டப்படி முப்பது வயது நிரம்பிய, அதுவும் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கே வாக்கு கிடைத்தது. அங்கே ஆண்களோடு சமநிலை வந்தது 1928இல்தான். அந்த அளவில் பார்த்தால் சென்னைச் சட்டமன்றம் லண்டனை முந்தியது.

யாருக்குக் கிடைத்தது?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. "1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது" என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. அன்று ஆண்களிலும் மிகச் சிலருக்கே வாக்கு இருந்தது. நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவு கட்டியவரே பட்டியலில் இடம்பெற முடியும். துடியலூர் போன்ற கோவை வட்டாரக் கிராமம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். காட்டில் களை எடுப்பதும் பருத்தி பறிப்பதும் பெண்கள். பட்டா இருந்தது பெரும்பாலும் அப்பன், கணவன் அல்லது மகன் பெயரில். வாக்காளர் பட்டியல் பார்த்தது உழைப்பை அன்று, பட்டாவை. ஆகவே பெண் என்ற தடை நீங்கியும், சொத்து என்ற தடை அப்படியே நின்றது. 1923 தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தபோது அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததற்கு இதுவே காரணம்.

வாக்கிலிருந்து உறுப்பினர் பதவிக்கு

வாக்களிக்கும் உரிமையில் தேர்தலில் நிற்கும் உரிமை அடங்கவில்லை. அது 1926இல்தான் கிடைத்தது. உடனே மங்களூர்ப் பகுதியில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகி, 1927இல் மன்றத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறைக்கு எதிரான அவருடைய முயற்சிகள் அந்த மன்றத்தில்தான் தொடங்கின.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் கொங்கு நாட்டுக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன். அவர் மனைவி ராதாபாய் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரு இந்தியப் பெண் பிரதிநிதிகளில் ஒருவர். மற்றவர் பேகம் ஷா நவாஸ். 1932இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழுவிலும் ராதாபாய் உறுப்பினராக இருந்தார். பெண்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். மாதர் அமைப்புகள் பலவும் அதை ஏற்கவில்லை. சலுகை வேண்டாம், சமவுரிமை போதும் என்றன. 1935 சட்டம் ஒதுக்கீட்டையே எடுத்துக்கொண்டது. சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. எழுத்தறிவுள்ள பெண்கள், சொத்துத் தகுதியுள்ளவர்களின் மனைவியர் எனப் பட்டியலும் விரிந்தது. 1937இல் ருக்மிணி லட்சுமிபதி பேரவையின் துணைச் சபாநாயகரானார்.

அத்தேர்தலில் ராதாபாய் ஒதுக்கீட்டு இடத்தை விட்டுப் பொதுத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நிற்க விரும்பினார். வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1938இல் மத்திய அரசின் மேலவையான கவுன்சில் ஆப் ஸ்டேட்டுக்குப் போட்டியின்றித் தேர்வாகி, அதன் முதல் பெண் உறுப்பினரானார்.

சொத்துத் தடை முற்றிலும் விலகியது அரசியலமைப்புச் சட்டம் வயதுவந்தோர் வாக்குரிமையை வழங்கிய பிறகே. அதன்பின்னும் 1951–52 தேர்தலுக்கான பட்டியலில், தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்துகொண்ட ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகளைத் தேர்தல் ஆணையம் நீக்க நேர்ந்தது. இவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர்.

கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியில் 1957இல் வென்றவர் பார்வதி கிருஷ்ணன். ஒதுக்கீடு இல்லாத அத்தொகுதியில் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளராக நின்ற அவர், ராதாபாய் சுப்பராயனின் மகள்.