கிடைக்காமற் போன கல்மண்டபம்

இராயபுரத்துக் கல்மண்டபத்தைப் பற்றி 2000-ஆம் ஆண்டளவில் இருவர் இணையத்தில் எழுதியதாகக் கொள்வோம். ஒருவர் பாமினி எழுத்துருவில் எழுதுகிறார், மற்றவர் திஸ்கியில். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கணினிக்குள் பாமினிக்காரரின் ‘கல்’ என்பது எஃப், ஒய், அரைப்புள்ளி என்னும் மூன்று ஆங்கிலக் குறிகள். திஸ்கியிலோ இரண்டே குறிகள்; அவையும் வேறு. தேடுபொறி ஊரையும் அறியாது, கல்லையும் அறியாது; குறிகளை மட்டுமே ஒப்பிடும். ஆகவே ஒருவர் எழுதியதை மற்றவர் தேடி அடைய வழியில்லை.

எழுத்துரு செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைய கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே. அவற்றில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. நம்மிடமோ எழுத்துகள் 247. அவரவர் தத்தம் தட்டச்சுப் பழக்கத்துக்கேற்ப எழுத்துகளைக் குடியமர்த்தினர். விளைவு, ஆளுக்கோர் அட்டவணை.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. கு. கல்யாணசுந்தரமும் பிறரும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கினர். நூல்கள் சேரச் சேர ஒரு பொதுக் குறியேற்றத்தின் தேவையும் வளர்ந்தது. உலகெங்குமுள்ள தமிழ் நிரலாளர்கள் கூடி விவாதித்து உருவாக்கியதே திஸ்கி. எந்த அரசாணையும் இன்றி, தன்னார்வத்தால் மட்டுமே நிகழ்ந்த உடன்பாடு அது. ஆனால் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் வேறிரு தரங்களை முன்வைத்தது. ‘தமிழ் 99’ விசைப்பலகை அம்மாநாட்டின் நற்கொடை. தரங்களைப் பொறுத்தவரை பட்டியல்தான் நீண்டது.

இத்தனைக்கும் 1991-லேயே ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பயன்படுத்தத்தான் கருவி இல்லை. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்த பின்னரும், விண்டோஸ் 98 ஓடிய கணினிகளில் ஒருங்குறித் தமிழ் வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. ஒருங்குறியின் மீது மனத்தாங்கலும் பலருக்கு உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்ற அவர்கள் வாதத்திலிருந்தே டேஸ்16 பிறந்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. அவ்வாதத்தில் இலக்கண நியாயம் இல்லாமலில்லை. எனினும் தேடிக் கண்டடைவது என்று வரும்போது, குறையுள்ள ஒரே வழக்கு குறையற்ற பத்து வழக்குகளைவிட மேல் என்பதே என் கட்சி.

பாலம் கட்டியவை எழுத்துரு மாற்றிகள். சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ செயலியில் பழைய குறியேற்றத்து உரையை ஒட்டினால் ஒருங்குறியில் திரும்பி வரும். எளிய வேலைபோலத் தோன்றும், அப்படியன்று. பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்பது முதலில் கொம்பு, பிறகு ககரம்: கையால் எழுதும் வரிசை. ஒருங்குறியிலோ ககரம் முந்தும், கொம்பு பிந்தும். ‘கொ’ என்றால் ககரத்தின் இருபுறமும் நிற்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கிப் பின்னே வைக்கவேண்டும். இந்த நுட்பம் பிசகினால் கொம்பு அடுத்த எழுத்தின்மேல் ஏறிவிடும். பழைய கட்டுரைகள் பலவற்றில் இந்த இடறலை இன்றும் காணலாம்.

மாற்றப்படாதவற்றின் கதி வேறு. 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கு குடியிருந்த தமிழ்ப் பக்கங்களும் போயின. காப்பகங்களில் பிழைத்தவையும் பழைய குறியேற்றத்திலேயே உறங்குகின்றன. நிரலாளர்கள் தம் தொழிலறிவைத் தமிழில் எழுதுவது இதற்குப் பிறகே பெருகிற்று. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும் து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ நூல்களும் தொடக்கமுதலே ஒருங்குறியில் அமைந்தவை. கல்மண்டபத்தில் ஒரு மாணவர் ‘தரவுதளம்’ என்று தமிழிலேயே தேடினால் அவை அகப்படும்.

பழைய பக்கங்களைத் துழாவும்போது மட்டும் நான் தமிழில் தேடுவதில்லை. ஆங்கில விசைப்பலகையில் எஃப், ஒய், அரைப்புள்ளி என்று தட்டிப் பார்க்கிறேன். சில நாள்களில் ஏதேனும் அகப்படுகிறது.