முடிச்சும் வாக்கியமும் செய்நிரலும்

புதிய கருவியொன்று கைக்கு வரும்போது, அதற்குரிய அறிவும் அக்கருவியோடுதான் பிறந்தது என எண்ணுவது மனித இயல்பு. விஞ்ஞானக் கணிகருவியைப் பற்றியும், அதற்குச் செய்நிரல் அமைப்பதைப் பற்றியும் மாணவரிடையே நிலவும் கருத்து இத்தகையதே. ஒரு கணிப்பின் படிகளை முன்னரே ஒழுங்குபடுத்திச் சேமித்துவைத்து, வேண்டியபோது எண்ணை மாத்திரம் மாற்றி மீண்டும் இயக்குவதே செய்நிரலாக்கம் எனின், அச்செயல் தமிழர் வாழும் கடற்கரைகளுக்குப் புதியதன்று. அதன் வரலாற்றைத் திருகோணமலைத் துறைமுகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்த ஆய்விதழொன்றிற் சோழமண்டலக் கரையோர மாலுமிகளின் கருவிகளை விவரித்துள்ளார். அவற்றுள் ஒன்று இராப்பலகை. சிறு மரப்பலகையொன்று, அதனோடு பிணைத்த கயிறு, கயிற்றிலே முடிச்சுகள். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடுமாறு பிடித்தால், கண்ணுக்கும் பலகைக்கும் இடையேயுள்ள கயிற்றின் நீளம் நட்சத்திரத்தின் உயரக்கோணத்தைக் காட்டும். அக்கோணமோ ஏறத்தாழ அவ்விடத்தின் அகலக்கோடாகும். எனவே ஒரு துறைமுகத்துக்கு ஒரு முடிச்சுப் போதுமானது. அம்முடிச்சு பொருந்தும்வரை வடக்கே அல்லது தெற்கே ஓடி, பின்னர் அகலக்கோடு மாறாமற் கரையை நோக்கித் திரும்பினால் துறை தானே எதிர்ப்படும்.

இதன் கணிதம் மிக எளியது. பலகையின் உயரத்தை அகலக்கோட்டின் தாஞ்சனால் வகுத்தால் முடிச்சின் தூரம் கிடைக்கும். பலகை 2 அங்குல உயரமுடையது எனக் கொள்வோம். திருகோணமலையின் அகலக்கோடு வடக்கு 8 பாகை 34 கலை; அதற்குரிய முடிச்சு 13.3 அங்குலத்தில் விழும். பருத்தித்துறைக்கு 11.5 அங்குலம்; நாகபட்டினத்துக்கு 10.5 அங்குலம். மாலுமி தாஞ்சனை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒருமுறை துறைமுகத்தில் நின்று முடிச்சிட்டவனே கணிப்பைச் செய்து முடித்தவனாவான்; ஏனையோர் அதன் விடையை மாத்திரம் பயன்படுத்தினர். முடிச்சு, சேமிக்கப்பட்ட விடை.

விடையையன்றி, விடை காணும் முறையையே சேமித்தவர் பஞ்சாங்கக் கணிதராவர். சந்திரன் பூமிக்கு மிக அண்மையான நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள்கள் செல்லும். இத்தகைய 9 சுற்றுகள் 248 நாள்களுக்குச் சமம். இந்த 248 நாள்களுக்குமுரிய சந்திரனின் நிலைகளை எழுத்துக்கு இலக்கம் வகுத்துச் சொற்றொடர்களாக்கி மனனம் செய்தனர். அவையே வாக்கியங்கள், வாக்கிய பஞ்சாங்கம் பெயர் பெற்றதும் அவற்றாலேயே. 1825இல் வெளிவந்த 'கால சங்கலித' என்னும் நூலில் ஜோன் வாரன், புதுச்சேரியிலே தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, எழுதிய அட்டவணை எதுவுமின்றி, சந்திர கிரகணத்தைக் கணித்தமையைப் பதிவுசெய்துள்ளார். மனனம் செய்த வாக்கியங்கள் நினைவகம். சோழிகள் இடைவிடைகளைத் தாங்கும் பதிவிடங்கள். மாறாத வரிசையிலமைந்த படிகள் செய்நிரல். இவ்வொப்புமை வெறும் அலங்காரமன்று.

கணிப்பின் விளைவு யாது? அவ்வாண்டு மே 31, யூன் 1 ஆகிய நாள்களுக்கிடையே நிகழ்ந்த கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தன. பல நூற்றாண்டு முதுமையுடைய மாறிலிகளைக் கொண்டு வெறும் சோழிகளாற் செய்த கணிப்புக்கு இது வியக்கத்தக்க செம்மையே. எனினும், அக்கணிதர் தாம் செய்த கணிப்பின் கோட்பாட்டை அறியாதவர் என்பதும் பதிவாகியுள்ளது. படிகளைப் பிழையின்றி நிறைவேற்ற அவரால் முடிந்தது. 52 நிமிடப் பிழை எங்கிருந்து வந்தது எனக் காண முடிந்திராது. இதற்கு மாறாக, கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரிற் கண்டு, பழைய மாறிலிகளைத் திருத்தி 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். வாக்கியம், திருக்கணிதம் எனும் இருவகைப் பஞ்சாங்கங்களும் இன்றும் நம்மவர் இல்லங்களில் உள்ளன. வைத்ததை வைத்தவாறே இயக்குவது ஒன்று. கண்டு திருத்துவது மற்றொன்று. கணிப்பு வரலாற்றின் அடிப்படைப் பிளவு இதுவே.

மேலைநாட்டிலும் இப்பிளவு இல்லாமலில்லை. 1614இல் நேப்பியர் மடக்கையை வெளியிட்டபின் மாலுமிகளும் பொறியியலாளரும் அட்டவணைகளை நம்பி வாழ்ந்தனர். அச்சிட்ட அட்டவணைகளின் பிழைகளே பபேச் என்பாரைக் கணிப்பொறியை நாடத் தூண்டின. 1972இல் ஹியூலெற்-பக்கார்ட் நிறுவனத்தின் எச்.பி. 35 என்னும் கணிகருவி 395 டொலர் விலையில் வெளிவந்து, சைன், தாஞ்சன், மடக்கை ஆகியவற்றைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. 1974இல் வந்த எச்.பி. 65, 100 படிகள் கொண்ட செய்நிரலைக் காந்த அட்டையிற் பதித்துவைக்கக் கூடியதாயிருந்தது. 1975இல் அப்பலோ-சோயுஸ் விண்பயணத்திலும் அது எடுத்துச்செல்லப்பட்டது. 1980களில் 38 படிகளையே ஏற்கும் எளிய காசியோ கருவிகள் மாணவருக்கும் எட்டின. அக்கருவியைக் கற்றல் நிலையில் வைத்து, கணிப்பை ஒருமுறை செய்துகாட்டினால் போதும். விசைகளின் வரிசையை அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டச் சீடன் மனனம் செய்த பழைய முறையே இது.

இராப்பலகையின் கணிப்பை அக்கருவிக்குக் கற்பிக்க ஒரு சில விசைகளே வேண்டும்: அகலக்கோட்டை இடுக, தாஞ்சன் காண்க, அதன் தலைகீழைக் காண்க, 2ஆற் பெருக்குக. ஆயின் கருவி கோணத்தைப் பாகையிலும் ஆரையனிலும் கிறேட்டிலும் அளக்கும். ஆரையன் நிலையில் இருந்தால் திருகோணமலைக்கு விடை மறை 1.7 அங்குலம், மறைநீளம் கண்டதும் மாணவர் விழித்துக்கொள்வர். கிறேட் நிலையில் இருந்தால் விடை 14.8 அங்குலம். இது பார்வைக்கு நேர்மையான விடை; ஐயத்துக்கு இடந்தராத விடை. அவ்விடத்தில் முடிச்சிட்டு ஓடுபவன் சென்றடைவது திருகோணமலையையன்று, மட்டக்களப்பையே. வெளிப்படையான பிழையினும் நம்பத்தக்க பிழையே கொடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

செய்நிரல் சரியாயினும் உலகம் மாறும் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. துருவ நட்சத்திரம் உண்மைத் துருவத்தில் இல்லை. 1850ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ ஒன்றரைப் பாகை விலகியிருந்தது; இன்று அவ்விலகல் முக்காற் பாகையிலும் குறைவு. நட்சத்திரம் தன் சிறுவட்டத்தின் உச்சியில் நிற்கும்போது பார்த்து அன்று திருகோணமலைக்கென இட்ட முடிச்சை, இன்று அதே நிலையிற் பொருத்தினால், ஏறத்தாழ 50 கடல்மைல் பிழைக்கும். மாலுமி முல்லைத்தீவுக்கும் வடக்கே போய்ச் சேருவான். கயிறு பழுதடையவில்லை, முடிச்சும் நழுவவில்லை. அதன் அடியிலிருந்த கருதுகோள் காலாவதியாயிற்று.

ஆகவே கணிகருவியைப் பயில்வோர் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளல் வேண்டும். விசையை அழுத்துமுன் விடையின் பருமனை மனத்தால் மதிப்பிடுக. விடை தெரிந்த கணக்கொன்றைக் கொடுத்துச் செய்நிரலைச் சோதிக்குக. எந்தக் கருதுகோளின்மேல் அது நிற்கின்றது என்பதை எழுதிவைக்குக. இவை கருவியின் கைந்நூல் தரும் விதிகளல்ல. முடிச்சும் வாக்கியமும் நமக்கு விட்டுச்சென்ற பாடங்கள். நம் முன்னோரின் கணிப்புத்திறனை வியந்து பேசுவது எளிது. அவர்களுள் யார் வானத்தை மீண்டும் நிமிர்ந்து நோக்கினர் என வினவுவதே வரலாற்று மாணவர்க்குரிய பணி. திருகோணமலையின் அகலக்கோடு அன்றும் இன்றும் ஒன்றே. அதனைக் காணும் அறிவை மாத்திரம் ஒவ்வொரு தலைமுறையும் தானே அளந்து பெறவேண்டியுள்ளது.