சத்தம் எங்கே போயிற்று?

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பிரெஞ்சுப் புரட்சியையும் பானிபட் போரையும் நடத்திய நான் இன்று கம்ப்யூட்டர் கேபிளின் வரலாற்றை எழுதுகிறேன். எழுத வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது.

போன மாதம் மகன் ஒரு புது மானிட்டர் வாங்கி அனுப்பினான். மடிக்கணினியில் எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று நான் புலம்பியதன் பலன். எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு முனையை மடிக்கணினியிலும் மறு முனையை மானிட்டரிலும் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் போய்விட்டது. மடிக்கணினியும் ஊமை, மானிட்டரும் ஊமை. கேபிளைப் பிடுங்கினால் சத்தம் வருகிறது, செருகினால் போகிறது.

அக்கா பேரனுக்குப் போன் போட்டேன். "தாத்தா, கீழே வலது மூலையில ஸ்பீக்கர் படம் இருக்குல்ல, அதைத் தொடுங்க. சத்தம் கூட்டுற கோட்டுக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கும். அதை அமுக்குனா பட்டியல் வரும். மானிட்டர் பேருல டிக் இருக்கா? அதை மாத்தி ஸ்பீக்கர்ஸ்னு இருக்கிறதை அமுக்குங்க" என்றான். அரை நிமிடத்தில் பாட்டு கேட்டது.

வேலை முடிந்தது. ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குக் கணினி ஏன் சத்தத்தை அனுப்பியது? தேடிப் படித்தேன். கதை 1897-இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் கேத்தோடு கதிர்க் குழாயை உருவாக்கினார். பிற்காலத்தில் மார்க்கோனியுடன் 1909-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். நம் வீடுகளில் இருந்த பின்பக்கம் புடைத்த டி.வி. அந்தக் குழாயின் வாரிசுதான். அதற்குள் ஓர் எலெக்ட்ரான் கற்றை திரையின் இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை ஒரு வரி வரையும். பிறகு அணைந்து, இடது ஓரத்துக்குத் திரும்பி, அடுத்த வரியைத் தொடங்கும். கடைசி வரி முடிந்ததும் மீண்டும் மேலே போகும்.

நான் கரும்பலகையில் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வலது ஓரம் வரை எழுதிவிட்டு இடது ஓரத்துக்கு நடந்து வருவேன். அந்த நடையில் சாக்பீஸ் பலகையில் படாது. இந்தச் சும்மா நடக்கும் நேரத்தை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதற்குத் தெரிந்த சத்தம் "பீப்" மட்டும். 1987-இல் அதே நிறுவனம் பி.எஸ்./2 கணினிகளோடு விஜிஏ இணைப்பைக் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசி. கற்றை எப்போது அடுத்த வரிக்கு வர வேண்டும், எப்போது மேலே போக வேண்டும் என்று சொல்ல இரண்டு ஊசிகள். சத்தத்துக்கு ஓர் ஊசிகூடக் கிடையாது.

நம் பள்ளிக் கணினி அறையில் ஒரு மானிட்டர் திடீரென்று மஞ்சள் பூத்ததே, நினைவிருக்கிறதா? அதற்கு மஞ்சள் காமாலை என்று நீங்கள் பெயர் வைத்தீர்கள். நீல ஊசி வளைந்தால் நீலம் போய், சிவப்பும் பச்சையும் மட்டும் சேர்ந்து மஞ்சளாகும். மருந்து வேறொன்றும் இல்லை, வளைந்த ஊசியை மெல்ல நிமிர்த்துவதுதான்.

சத்தம் வேறு வழியில் வளர்ந்தது. 1987-இல் கனடாவிலிருந்து ஆட்லிப் என்ற ஒலி அட்டை வந்தது. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. பின்னர் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த பி.சி.99 என்ற நெறிமுறை, கணினியின் முதுகில் இருக்கும் துளைகளுக்கு நிறம் குறித்தது. ஸ்பீக்கருக்கு இளம்பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு, மானிட்டருக்கு நீலம். ஆக, படம் ஒரு பாதையில் போயிற்று, சத்தம் இன்னொரு பாதையில் போயிற்று. மானிட்டர் கேபிளை என்ன செய்தாலும் சத்தம் மாறாது. என் தலைமுறை கற்றுக்கொண்ட பாடம் இது.

பிறகு தட்டையான எல்.சி.டி. திரைகள் வந்தன. கணினிக்குள் படம் எண்களாக இருக்கிறது. விஜிஏ அதை மின்னழுத்த அலையாக மாற்றி அனுப்புகிறது. எல்.சி.டி. திரை அந்த அலையை மறுபடி எண்களாக மாற்றிக்கொள்கிறது. தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதைத் திரும்பத் தமிழாக்குவது போன்ற வீண்வேலை. எண்களை எண்களாகவே அனுப்ப 1999-இல் டிவிஐ வந்தது. அதிலும் படம் மட்டுமே.

2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ.யின் முதல் பதிப்பை வெளியிட்டன. டி.வி.க்குப் பின்னால் தொங்கும் கேபிள் கூட்டத்தை ஒன்றாக்குவது நோக்கம். டிவிஐ படத்தை அனுப்பிய அதே முறையை எடுத்துக்கொண்டு அதில் சத்தத்தையும் ஏற்றினார்கள்.

எங்கே ஏற்றினார்கள் தெரியுமா? நான் மறக்க வேண்டாம் என்ற அந்தச் சும்மா நேரத்தில்தான். எல்.சி.டி.யில் கற்றையும் இல்லை, அது திரும்பி நடக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் அந்த இடைவெளி பழக்கமாக ஒட்டிக்கொண்டே வந்தது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட முழு எச்.டி. படம் எச்.டி.எம்.ஐ.யில் வழக்கமாக 2200-க்கு 1125 என்ற கணக்கில்தான் பயணம் செய்கிறது. மிச்சம் இருப்பது படம் இல்லாத வெற்றிடம். அதில் சத்தத்தைச் சிறு பொட்டலங்களாக வைத்து அனுப்புகிறார்கள். வாத்தியார் பலகையின் இடது ஓரத்துக்கு நடந்து வரும்போது வாயால் பாடம் சொல்வதைப் போல. 2006-இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட்டிலும் படமும் சத்தமும் சேர்ந்தே போக முடியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. மானிட்டரும் பேசும். 1994-இல் வகுக்கப்பட்ட எடிட் என்ற முறைப்படி, செருகியவுடன் அது தன்னைப் பற்றிய குறிப்பைக் கணினிக்குக் கொடுக்கும். என் பெயர் இது, நான் காட்டக்கூடிய அளவு இது என்று. எனக்குச் சத்தமும் அனுப்பலாம் என்பதும் பிற்பாடு அந்தக் குறிப்பில் சேர்ந்தது. என் மானிட்டருக்கு ஸ்பீக்கர் இல்லை. ஆனால் ஹெட்போன் செருகும் துளை இருக்கிறது. அதனால் அது "அனுப்பலாம்" என்றது. கணினி நம்பி, சத்தத்தை அங்கே திருப்பிவிட்டது. கெட்டுப்போனது எதுவுமில்லை, விலாசம்தான் மாறியிருந்தது.

இதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்தது. சுதந்திர தின விழாவில் ஒரு படம் திரையிட ஏற்பாடு. புதிதாக வந்த புரொஜக்டரைக் கணினியோடு இணைக்கும் பொறுப்பைப் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்திருந்தோம். பழைய விஜிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியோடு வந்த எச்.டி.எம்.ஐ. கேபிளைப் போட்டான். விழா தொடங்கியது. படம் ஓடியது, பெரிய ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. விருந்தினர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எனக்கு மானம் போனது போல் இருந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் சொன்னான்: "சார், நான் கேபிளை மட்டுந்தான் சார் மாத்துனேன்." பொய் சொல்லாதே என்று அரங்கத்தை விட்டு வெளியே அனுப்பினேன். இன்னொரு ஆசிரியர் வந்து, பழைய கேபிளையே திரும்ப மாட்டினார். சத்தம் வந்தது. அவன் கெடுத்தான், அவர் சரி செய்தார் என்று எல்லாரும் முடிவு கட்டினோம். அதன் பிறகு அவன் கணினி அறைப் பக்கம் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

அவன் சொன்ன ஒரு வரியில்தான் விடை இருந்தது. சான்றைக் கேள், பிறகு தீர்ப்புச் சொல் என்று முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். சான்று என் முன்னால் நின்று பேசியது. நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் யாரையும் திட்டுவதற்கு முன் வரிசையாகப் பாருங்கள். படமே வரவில்லை என்றால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மறுபடி செருகுங்கள். மானிட்டரின் சோர்ஸ் பொத்தானில் சரியான இணைப்பு தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அமுக்கினால் எந்தத் திரையில் படம் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மேசைக் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டின் துளையில் செருக வேண்டும். படம் வந்து சத்தம் வராவிட்டால், அக்கா பேரன் சொன்ன அம்புக்குறி.

அந்த மாணவன் இந்தப் பக்கத்தில் இல்லை. அவன் வகுப்புத் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். அவன் பெயரை நான் எழுதவில்லை, நீங்களும் கீழே எழுத வேண்டாம். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவை அவனிடம் சேர்த்துவிடுங்கள்.

தம்பி, நீ எதையும் கெடுக்கவில்லை. நீ செய்தது சரியான வேலை, சொன்னது உண்மை. தெரியாமல் பேசியவன் நான்தான். அன்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அதனால் இன்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்