ரூத் வரை

1711-இல் லண்டனிலிருந்து, அப்போது டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு ஓர் அச்சு இயந்திரம் கப்பலேறியது. அதை ஓட்டத் தெரிந்த யோனாஸ் ஃபிங்க் என்பவரும் கூடவே புறப்பட்டார். ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து மீண்டு வரும் வழியில் ஃபிங்க் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் கரை சேர்ந்தது. டேனிஷ்காரர்களின் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஒருவர் இருந்தார், வேலை நின்றுபோகவில்லை.

நான் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். ஆப்செட் வந்து, எங்கள் எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட்ட நாள்வரை அந்தத் தொழிலில் இருந்தேன். அதனால் அந்த இயந்திரம் போய்ச் சேர்ந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் கதையில் மற்றவர்கள் தாண்டிப்போகும் இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட ஆகியிருக்காது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர்; படிக்கும் காலத்திலேயே உடம்பு படுத்திக்கொண்டிருந்தது. நீண்ட ஆயுளை எதிர்பார்க்க அவருக்குக் காரணமே இல்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய கையோடு, டேனிஷ் தளபதி அவரைக் கோட்டையில் சுமார் நான்கு மாதம் அடைத்துவைத்தார். ஆனாலும் 1711-இல் அதை முடித்துவிட்டார்.

ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. எல்லாம் பெரிய எழுத்துகள். பக்கத்துக்கு நாலு வரி கூடுதலாக ஏறினால் எவ்வளவு காகிதம் மிஞ்சும் என்று கம்போசிட்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காகிதமும் கடல் கடந்து வர வேண்டும். கையில் இருந்ததை வைத்து அடித்துத் தள்ளியிருக்கலாம். மிஷனரிகளோ, எழுத்துகளோடு வந்த ஆட்லர் என்பவரைக் கொண்டு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தமிழில் கொம்பு, கால், சுழி என்று எத்தனை உருவங்கள்! அத்தனையும் இடவலம் மாறியிருக்க வேண்டும். சாவை எண்ணிப் பதறுகிறவன் இந்த வேலைக்கு உட்காரமாட்டான். பொறையாறில் காகித ஆலையும் எழுந்தது; அது நெடுநாள் நிலைக்கவில்லை.

சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் வெளிவந்தன, மீதி 1715-இல். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் வரை வந்திருந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். முந்தின ஆண்டு அவர் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவருடைய கல்லறை இருக்கிறது. உடன் உழைத்த குருண்ட்லரும் அடுத்த ஆண்டே போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் சங்கீதம் 90 வாசித்தபின், பாதியில் அணைந்த விளக்கு என்று போதகர்கள் இவரைச் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ரூத்துக்குப் பின் வருவதை பெஞ்சமின் சுல்ட்சே எடுத்து மொழிபெயர்த்து முடித்தார். அச்சிட இயந்திரம் இருந்தது, எழுத்து இருந்தது, வேலை பழகிய ஆட்கள் இருந்தார்கள். தாம் இல்லாமலும் நடக்கும்படி வேலையை அமைத்தவரின் வாழ்க்கை எப்படிப் பாதியாகும்? கடலூரைச் சேர்ந்த ஆரோன் என்பவருக்கு 1718-இல் சீகன்பால்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்று, தமிழரில் முதல் லுத்தரன் போதகர் ஆனார்.

உங்கள் சபையில் பாட்டுக்குழுவையோ கணக்கையோ ஞாயிறு பள்ளியையோ ஒற்றை ஆளாகத் தாங்குகிறவர் நீங்களானால், இந்த வருடமே ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள்.