பக்கத்து வீட்டு போர்ல தண்ணி... நம்ம வீட்டு போர்ல புழுதி... ஏன்?

'பக்கத்து வீட்ல 200 அடியிலேயே தண்ணி வந்துடுச்சு. எங்களுக்கு 800 அடி போயும் வெறும் புழுதிதான்!' கோடையில் இந்தப் புலம்பலைக் கேட்காத ஊரே இல்லை. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தும் பலன் இருக்காது. 'அவங்களுக்கு ராசி' என்று சொல்லி நகர்வதற்கு முன், உங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துடலாமா?

பாறையா, மணலா?

தமிழ்நாட்டில் சுமார் 73 சதவிகித நிலப்பரப்பு கடினப்பாறைதான். மணல், பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாறை அப்படியல்ல. வெயிலிலும் மழையிலும் காலங்காலமாக உதிர்ந்துபோன அதன் மேலடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள விரிசல்களிலும் மட்டுமே தண்ணீர் இருக்கும். பக்கத்து வீட்டு போர் ஒரு விரிசலைத் தொட்டிருக்கும்; உங்களுடையது சில அடி தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். கீழே போகப் போக, மேலிருக்கும் பாரத்தால் விரிசல்கள் குறைந்துகொண்டே போகும். அதனால் 1,000 அடி போட்டால் தண்ணீர் நிச்சயம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கடல் உள்ளே வந்த கதை

கடலோரத்தில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்பு நீர் சுமார் 40 அடி மேலே ஏறக்கூடும். சென்னைக்கு வடக்கே இருக்கும் மீஞ்சூரில் இதுதான் நடந்தது. நகரத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் விவசாயத்துக்காகவும் பல வருடங்கள் அளவில்லாமல் உறிஞ்சியதில், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. வந்த உப்பு, ஒரு மழையில் திரும்பிப் போகாது.

பல்லில் தெரியும் பாறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரச்னை வேறு. அங்குள்ள பாறைகளில் இருக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதிலிருந்து குடித்தால் பல்லில் கறை படியும். அளவு அதிகமாகி, பல வருடங்கள் தொடர்ந்தால் எலும்பும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீங்க. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கிவிடும்.

நீங்க என்ன பண்ணலாம்?

* 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டுத் தொட்டி இப்போது தூர்ந்துபோயிருக்கலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் மொட்டை மாடியைக் கழுவி, குழாய் அடைப்பை எடுத்து, தொட்டியில் உள்ள மணலையும் ஜல்லியையும் அலசிப் போடுங்கள்.

* டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிப்பது நல்லது.

* வற்றிப்போன போரைத் திறந்து விடாதீர்கள். அது குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. இறுக்கமாக மூடுங்கள், இல்லையென்றால், வடிகட்டி அமைத்து மழைநீரை இறக்கும் கிணறாக மாற்றுங்கள்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாகக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் காலுக்குக் கீழே இருக்கும் பாறையை நம்மால் மாற்ற முடியாது. எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு திருப்பித் தருகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கு!