லிஸ்பன் போகிறீர்களா? நான்கு தேதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள்



ஐரோப்பா என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்ற வரிசைதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவின் மேற்குக் கோடியில், தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தருகே இருக்கும் போர்ச்சுகலின் தலைநகரம் லிஸ்பனை யாரும் முதலில் சொல்வதில்லை. ஆனால் நம் வீட்டில் தினமும் புழங்கும் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகிய சொற்கள் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. நகைக் கடன் கட்டாதவருக்கு வங்கி அனுப்பும் நோட்டீஸில் இருக்கும் 'ஏலம்' கூட அப்படி வந்ததுதான். அந்த ஊருக்கும் நமக்கும் ஐந்நூறு வருடப் பழக்கம் என்று சொல்லலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை இது. பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். நான்கு நாட்கள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: 1147

எட்டாம் நூற்றாண்டு முதல் லிஸ்பன் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. 1147-இல் போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சோ ஹென்ரிக்கெஸ், சிலுவைப் போருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஆங்கில, ஜெர்மன், பிளெமிஷ் வீரர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, சுமார் நான்கு மாத முற்றுகைக்குப் பின் நகரத்தைப் பிடித்தார். மசூதி இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது. குன்றின் உச்சியில் சாவோ ஜோர்ஜ் கோட்டை, சரிவில் அல்ஃபாமா என்ற பழைய பேட்டை. அல்ஃபாமா என்ற பெயரே அரபு மொழியில் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆட்சி மாறியும் பெயர் மாறவில்லை. ஆட்டோகூட நுழையாத சந்துகள், எங்கே பார்த்தாலும் படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே வண்டியில் போய், இறங்கும்போது நடந்து வாருங்கள்.

இரண்டாம் நாள்: 1497

1497 ஜூலை 8 அன்று பெலேம் கரையிலிருந்து வாஸ்கோ ட காமா 4 கப்பல்களுடன் புறப்பட்டார். 1498 மே மாதம் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது இவ்வளவுதான். அந்தப் பயணத்தால் வந்த பணம் எங்கே போனது என்பதை ஜெரோனிமோஸ் மடாலயத்தில் கண்ணால் பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மனுவேல் கட்டத் தொடங்கியது. ஆப்பிரிக்க, ஆசிய வணிகத்தின் மீது விதித்த 5 சதவீத வரிதான் இதற்கு முக்கிய நிதி. கயிறு போலவும் முடிச்சு போலவும் கல்லில் செதுக்கிய தூண்களைப் பார்க்கும்போது, அதில் மலபார் மிளகின் காசும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்த மடாலயத் தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் இறந்தது 1524-இல் நம் கொச்சியில். முதலில் அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்து, பிறகு போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றார்கள். அந்த ஊரில் அவர் பெரிய கதாநாயகர். ஆனால் 1502-இல் இரண்டாம் பயணத்தின்போது, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர் கப்பலை, உள்ளே இருந்தவர்களோடு தீ வைத்து எரித்தவரும் அவரே. ஆற்றங்கரையில் 52 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கடற்பயண நினைவுச் சின்னம் அக்காலத்தது அல்ல, 1960-இல் சர்வாதிகார ஆட்சியில் கட்டியது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் லிஸ்பன் மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமை. இதற்கெல்லாம் கோபப்பட்டுப் பெலேம் போகாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போங்கள். கணக்கில் வரவு, பற்று இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

நமக்கு உரிய இன்னொரு வரவும் உண்டு. அச்சேறிய முதல் தமிழ் நூல் வெளிவந்தது சென்னையிலோ தரங்கம்பாடியிலோ அல்ல. 1554-இல் லிஸ்பனில். 'கார்த்தில்யா' என்ற அந்தக் கிறிஸ்தவ வினா-விடை நூலில் தமிழ், ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வந்தது 1578-இல், அதாவது 24 வருடம் கழித்து.

மூன்றாம் நாள்: 1755

இந்த நாளை அவசரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்கு லிஸ்பனில் அதிகம் கற்றுக்கொள்ள இருப்பது இங்கேதான்.

1755 நவம்பர் 1, சனிக்கிழமை, புனிதர் அனைவர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், தேவாலயங்கள் நிரம்பியிருந்த நேரத்தில், கடலடியில் பெரும் பூகம்பம். தப்பித்து ஆற்றங்கரைத் திறந்த வெளிக்கு ஓடியவர்களை, சற்று நேரத்தில் சுனாமி வந்து அடித்தது. பிறகு தீ. பல நாட்கள் எரிந்தது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அரண்மனையும் அதன் நூலகமும் போயின. திறந்து ஏழு மாதமே ஆன ஓபரா அரங்கமும் போயிற்று. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற அமைச்சர் செபஸ்தியாவோ ஜோசே பொறுப்பை எடுத்துக்கொண்டார். சடலங்களைப் படகில் ஏற்றிக் கடலில் விடச் செய்தார். உணவு விலைக்குக் கட்டுப்பாடு விதித்தார். கொள்ளையடித்தவர்களைத் தூக்கில் போட்டார். ஒவ்வொரு பங்குக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்: அதிர்வு எவ்வளவு நேரம் இருந்தது, கடல் முதலில் உள்வாங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று. அந்தப் பதில்களை இன்றும் நிலநடுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நகரத்தைத் திரும்பக் கட்டும் திட்டத்தைத் தயாரித்தவர் தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மாயா. அப்போது அவருக்கு வயது 78! நம் வளாகத்து மூத்த உறுப்பினர்கள் கவனிக்க. பழைய சந்துகளை விட்டுவிட்டு, பைஷா என்ற தாழ்வான பகுதியில் நேர்நேரான தெருக்கள் போட்டார்கள். தங்க வேலைக்காரர்களுக்கு ஒரு தெரு, வெள்ளிக்கு ஒன்று, செருப்பு தைப்பவர்களுக்கு ஒன்று. கட்டிடங்களுக்கு ஒரே மாதிரி முகப்பு, ஒரே அளவு ஜன்னல். தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க, இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்தினார்கள்.

முக்கியமானது கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குள்ளே பெருக்கல் குறி போல மரச் சட்டங்களைக் கோத்து, ஒரு மரக்கூண்டு. அதன் பெயரே 'கயோலா', அதாவது கூண்டு. பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். காரை உதிர்ந்தாலும் கட்டிடம் நிற்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களைக் கால் உதைத்து நடக்க வைத்துச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். கொரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டிடத்தின் அடியில், ஈர மண்ணில் அடித்த மரத்தூண்களையும், அதற்கும் கீழே ரோமானியர் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகளையும் காட்டுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

பிற்காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? கடைக்கு இடம் பெரிதாக வேண்டும், லிப்ட் வேண்டும், பைப் போக வேண்டும் என்று பல கட்டிடங்களில் உள்ளே இருந்த கூண்டை வெட்டிவிட்டார்கள். முகப்பு அப்படியே அழகாக இருக்கிறது. உள்ளே வலு குறைந்துவிட்டது. அடுத்த பூகம்பத்தில் இவை தாங்குமா என்று அங்கே பொறியாளர்கள் கவலைப்படுகிறார்கள். வெட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்த மரம் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காதவர்கள், அவ்வளவுதான். ஹாலைப் பெரிதாக்கச் சுவரை எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் பைஷாவில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். தூண், உத்தரம், சுமை தாங்கும் சுவர் இவற்றைத் தொட சங்கம் ஏன் பொறியாளர் சான்று கேட்கிறது என்பது விளங்கும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு செய்தி. நகரம் இடிந்து நான்கே வருடத்தில், 1759-இல், இதே பொம்பால் லிஸ்பனில் அரசு வணிகப் பள்ளி தொடங்கினார். இரட்டைப் பதிவு முறைக் கணக்கும் பாடம். ஆற்றங்கரையில் அரண்மனை இருந்த சதுக்கத்துக்கு வணிகச் சதுக்கம் என்றே பெயர் வைத்தார்கள். அதற்காக அவரை நல்லவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதே 1759-இல் அரசரைக் கொல்ல முயன்றதாகத் தாவொரா குடும்பத்தாரைக் கொடூரமாகக் கொன்றதும் அவர் காலத்தில்தான்.

நான்காம் நாள்: 1925-லிருந்து 1974 வரை

பழைய சாவோ ஜூலியாவோ தேவாலயத்தில் போர்ச்சுகல் மத்திய வங்கி நடத்தும் பண அருங்காட்சியகம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் நோட்டு எண்ணியவன் என்ற முறையில் இதைச் சிபாரிசு செய்கிறேன். போகும் முன் ஆல்வெஸ் டோஸ் ரெய்ஸ் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இவர் கள்ள நோட்டு அடிக்கவில்லை. மத்திய வங்கியின் பெயரில் பொய் ஒப்பந்தம் தயாரித்து, அசல் நோட்டு அச்சடித்த லண்டன் வாட்டர்லோ நிறுவனத்திடமே கொடுத்து அடிக்க வைத்தார். 500 எஸ்குடோ நோட்டு. அதில் இருந்த படம் வாஸ்கோ ட காமா. முதல் ஆர்டரிலேயே 2 லட்சம் நோட்டுகள். அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு வங்கியும் தொடங்கினார். 1925 டிசம்பரில் போர்ட்டோ நகரில் ஒரே எண் கொண்ட இரண்டு நோட்டுகள் அகப்பட்டபோது குட்டு உடைந்தது. காகிதம், மை எல்லாம் சரி, எண் மட்டும் காட்டிக்கொடுத்தது. மத்திய வங்கி அந்த நோட்டுகளையும் மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. நஷ்டம் அச்சடித்த செலவா, முகமதிப்பா என்ற வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போய், 1932-இல் முகமதிப்பே என்று தீர்ப்பானது.

மக்களுக்கு அரசின் மீதும் பணத்தின் மீதும் இருந்த நம்பிக்கை இதனாலும் குலைந்தது. 1926 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கணக்கைச் சரிசெய்ய நிதி அமைச்சராக வந்த சலாசார் என்ற பேராசிரியர் 1932-இல் பிரதமராகி, சர்வாதிகாரியாக நிலைத்துவிட்டார். அந்த ஆட்சி முடிந்தது 1974 ஏப்ரல் 25 அன்று. அன்று பிரதமர் கயெத்தானோ சரணடைந்தது கார்மோ சதுக்கத்துப் படை முகாமில். மக்கள் வீரர்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ செருகினார்கள். அதன் பக்கத்திலேயே 1755-இல் கூரை இழந்த கார்மோ மடாலயம், இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. மாலையில் அங்கே போய்ச் சற்று உட்காருங்கள்.

சில குறிப்புகள்: ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. நடைபாதைக் கற்கள் வழவழப்பானவை; மழையில் வழுக்கும், நல்ல ஷூ அவசியம். 28-ஆம் எண் டிராமில் பர்ஸ் பத்திரம். புகழ்பெற்ற பெலேம் இனிப்பில் முட்டை உண்டு. சைவர்கள் சூப்பையும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

யாராவது போய் வந்தால், பைஷாவில் ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்து அந்த மரக்கூண்டு வெளியே தெரியும் இடத்தில் ஒரு படம் எடுத்து வாருங்கள். அடுத்த பொதுக்குழுவில் சுவர் இடிக்கும் விவகாரம் வரும்போது காட்டலாம்.